மருத்துவரும்

சக மாணவி ஒருவரின் கட்டுரை. மூன்றாம் பக்கத்தில், மேலிருந்து ஐந்தாவது வரியில், ‘மருத்துவரும் சொல்லவில்லை’ என்று இருந்தது. அந்த முதல் சொல்லின் கடைசி இரண்டு எழுத்தை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் ‘உம் என்றால், வேறு யார்?’ என்று எழுதினேன். எழுதியபோது எனக்கு அது ஒரு சின்ன இலக்கணச் சந்தேகம். அடுத்த பதினைந்து நாளில் அந்த நாலு சொல் அவருடைய கட்டுரையைப் புரட்டிப் போட்டது. அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை வெளியே கொண்டுவந்தது. சொல்வன்மை பற்றி நான் அதுவரை படித்ததெல்லாம் அந்தப் பதினைந்து நாளில்தான் எனக்கு உறைத்தது. ஆனால், கேட்டிருக்க வேண்டுமா என்ற கேள்வி மட்டும் போகவில்லை. வருஷங்கள் ஆகியும், யாராவது தான் எழுதியதைப் படித்துப் பார்க்கச் சொல்லி நீட்டும்போதெல்லாம், நான் பென்சிலை எடுப்பதற்கு முன்னால் அது வந்து நின்றுகொள்கிறது. அதனால்தான் இதை எழுதிப் பார்க்கிறேன்.

நடை நன்று, இன்னும் விரிக்கலாம்

வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கான மாலை நேர எழுத்து வகுப்பு அது. பதினாலு பேர் இருந்தோம். வாரத்துக்கு நான்கு பேர் தங்கள் கட்டுரையை நகலெடுத்து எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் அதை வீட்டில் படித்து, ஓரக்குறிப்பு எழுதி, கடைசியில் அரைப் பக்கம் கருத்தும் எழுதிக்கொண்டு வர வேண்டும். வாதக் கட்டுரைதான் பாடம்: ஒரு நிலைப்பாட்டை எடுத்து, அதை ஏற்காத ஒருவரை ஏற்கவைக்க வேண்டும். ரெட்டரிக் என்று சொல்லப்படுவதை ஆசிரியர் சொல்வன்மை என்றே சொல்வார். எனக்கும் அந்தச் சொல் பிடித்துப்போனது. பள்ளியில் இந்தப் பக்கம் நமக்கு அறிமுகமானதே வேறு மாதிரி. உவமை, உருவகம், பிறிது மொழிதல் என்று ஒரு பட்டியல். ஒரு செய்யுளைக் கொடுத்து, இதில் பயின்று வரும் அணி எது என்று கேட்பார்கள். பெயரைச் சரியாகச் சொன்னால் மதிப்பெண். அந்த அணி கேட்கிறவரை என்ன செய்கிறது என்று யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. எழுத்தின் மேல் போட்டுக்கொள்ளும் நகை என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்போடுதான் மற்றவர்களின் கட்டுரைகளையும் படித்தேன். என் முதல் மாதத்துக் குறிப்புகளைப் பார்த்தால் தெரியும். ‘நடை நன்று.’ ‘இன்னும் விரிக்கலாம்.’ ‘ஆதாரம் போதாது.’ ‘முடிவு அவசரமாக உள்ளது.’ ஒவ்வொன்றையும் உண்மையாகத்தான் எழுதினேன். அக்கறையில்லாமல் எழுதியது ஒன்றுகூட இல்லை. பின்னாளில் நான்சி சாமர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1982-இல் எழுதிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். மாணவர் எழுத்தில் ஆசிரியர்கள் எழுதும் குறிப்புகள் பெரும்பாலும் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியதுபோல இருக்கின்றன, ஒரு கட்டுரையிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைத்தாலும் பொருந்திவிடும் என்கிறார். உடனே என் பழைய தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே செய்து பார்த்தேன். எல்லாம் பொருந்தின. குழந்தைகளுக்குக் கதை சொல்வது பற்றிய கட்டுரைக்கு எழுதிய குறிப்பு, சாலை விதி பற்றிய கட்டுரைக்கும் சரியாக இருந்தது. படித்தேன் என்பதற்கு அந்தக் குறிப்புகளில் ஒரு தடயமும் இல்லை.

எந்த வரியில்?

அந்தச் சக மாணவி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை அப்போது நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். நோயாளியிடம் அவருடைய நிலையை நேராகச் சொல்லிவிட வேண்டும், குடும்பத்தாரிடம் மட்டும் சொல்லி நோயாளியிடம் மறைப்பது தவறு என்பது அவர் கட்டுரை. தெளிவான மூன்று பக்கம். முதல் பக்கம் நோயாளியின் உரிமை பற்றி. இரண்டாவது, மறைப்பதால் வரும் கேடுகள். மூன்றாவதில் தன் அம்மாவின் கடைசி மாதங்களைத் தொட்டு முடித்திருந்தார். நான் கீழே, ‘கருத்து வலுவானது. ஆனால் முழுதாக நம்பவைக்கவில்லை. ஆதாரம் சேர்க்கலாம்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

வகுப்பு முடிந்து கிளம்பும்போது அந்தத் தாளோடு என்னிடம் வந்தார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

“நம்பவைக்கலைன்னு எழுதியிருக்கீங்க. எந்த வரியில நம்பாம போனீங்க?”

எனக்குப் பதில் தெரியவில்லை. “மொத்தமா படிச்சப்ப அப்படித் தோணிச்சு அக்கா” என்றேன்.

“மொத்தமா எப்படித் தோணும்? வரி வரியாத்தானே படிச்சீங்க?”

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனேன். அன்று இரவு அதை இரண்டாம் தடவை படித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அதற்கு முன்னால் நான் எதையும் அப்படிப் படித்ததில்லை. கட்டுரை நல்லதா கெட்டதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, படிக்கும்போது எனக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தேன். ஒப்புக்கொண்ட வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, தயங்கிய வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு. எழுதக் கற்பிப்பது பற்றி எழுதிய அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ 1973-இலேயே இதை ஒரு முறையாகச் சொல்லியிருக்கிறார்: படிக்கிறவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, படிக்கும்போது தன் மனதில் ஓடியதைத் திரைப்படம்போல ஓட்டிக் காட்டினால் போதும் என்று. அப்போது எனக்கு அவரைத் தெரியாது. அந்த அக்காவின் கேள்விக்குப் பதில் வேண்டும், அவ்வளவுதான்.

முதல் பக்கம் முழுக்கப் புள்ளிகள். இரண்டாம் பக்கத்தின் நடுவில், ‘எந்த நோயாளியும் தன் நிலையை அறியவே விரும்புவார்’ என்ற வரியில் முதல் கோடு விழுந்தது. எந்த நோயாளியும் என்று படித்த அந்தக் கணத்தில், தெரிந்துகொள்ள விரும்பாத ஒருவரின் முகம் எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. அதன்பிறகு வந்த மூன்று வரிகளை நான் படிக்கவே இல்லை. கண் மட்டும் நகர்ந்திருக்கிறது, மனம் அந்த முகத்தோடு வாதாடிக்கொண்டிருந்தது. விரும்புவார் என்று மட்டும் எழுதியிருந்தால் தாண்டிப் போயிருப்பேன். எல்லாரையும் வளைத்துப் போட அவர் சேர்த்த சொல்தான் என்னை வெளியே தள்ளியது. ‘ஆதாரம் போதாது’ என்று நான் எழுதியது இதைத்தான் போலிருக்கிறது. ஆனால் எத்தனை ஆதாரம் சேர்த்திருந்தாலும் அந்த இடம் சரியாகியிருக்காது. சொன்னதைக் கொஞ்சம் குறைத்திருந்தால் போதும்.

பிறகு மூன்றாம் பக்கம். ‘அம்மாவிடம் கடைசிவரை மறைக்கப்பட்டது. மருத்துவரும் சொல்லவில்லை.’

அந்த இடத்தில் எனக்குப் புள்ளியும் வைக்க வரவில்லை, கோடும் போட வரவில்லை. திரும்பத் திரும்பப் படித்தேன். தமிழில் உம்முக்கு எட்டுப் பொருள் என்று இலக்கணம் சொல்லும். பள்ளியில் ஒப்பித்திருப்போம். இந்த வரிக்கு அந்த எட்டில் இரண்டு பொருந்தும். சிறப்பு என்று எடுத்துக்கொண்டால், சொல்லியே ஆக வேண்டிய மருத்துவர்கூடச் சொல்லவில்லை என்று பொருள். விரல் மருத்துவரை நோக்கி நீளுகிறது. எச்சம் என்று எடுத்துக்கொண்டால், சொல்லாதவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள், அவர்களோடு மருத்துவரும் ஒருவர் என்று பொருள். விரல் நின்று திரும்பி வேறு யாரையோ தேடுகிறது. அதற்கு முந்தைய வரியைப் பார்த்தால் மறைக்கப்பட்டது என்று இருக்கிறது. யாரால் என்று இல்லை. செயப்பாட்டு வினையில் தமிழில் நாம் அவ்வளவு எளிதாகப் பேசுவதில்லை. மறைச்சுட்டாங்க என்போம், மறைச்சுட்டோம் என்போம். கட்டுரை முழுக்க நேராகப் பேசியவர் இந்த ஒரு வரியில் மட்டும் ஆளை எடுத்துவிட்டிருக்கிறார். ஆளில்லாத அந்த வரிக்கு அடுத்தபடியே உம் வந்து நிற்கிறது.

இதையெல்லாம் நான் இவ்வளவு கோர்வையாக அன்று யோசிக்கவில்லை. ஏதோ இடறுகிறது என்று மட்டும் தெரிந்தது. வட்டமிட்டேன், நாலு சொல் எழுதினேன், தூங்கப் போனேன்.

அவர் வராத வாரம்

அடுத்த வகுப்பில் என் எதிரிலேயே படித்துப் பார்த்தார். எந்த நோயாளியும் என்ற இடத்துக்கு நான் எழுதியிருந்ததைப் படித்துத் தலையாட்டினார். மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“டாக்டர்கூடச் சொல்லலைங்கிற அர்த்தத்துலதான் எழுதினேன்.”

“எனக்கு டாக்டரும் சொல்லலை, மத்தவங்களும் சொல்லலைன்னு கேட்டுது அக்கா.”

தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு நினைப்பு ஓடவில்லை. அடுத்த வகுப்புக்கு அவர் வரவில்லை. அதற்கு அடுத்த வகுப்பில் எல்லாருக்கும் புது நகல் கொடுத்தார். மூன்று பக்கம் இரண்டு பக்கமாகியிருந்தது. உரிமை, கேடு என்று முன்பு எழுதியிருந்தது ஒன்றும் இல்லை. முதல் வரி இப்படி இருந்தது: ‘ஸ்கேன் ரிப்போர்ட்டை முதலில் படித்தது நான்.’ அதற்குக் கீழே: ‘அம்மா என்னிடம் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் வீக்கம்தான் என்றேன். மூன்றாம் முறை கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று என் முகத்தைப் பார்த்து முடிவு செய்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.’

பதினாலு பேரும் அதை அங்கேயே உட்கார்ந்து படித்தோம். நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்ற வாக்கியம் அந்த இரண்டு பக்கத்தில் ஓர் இடத்தில்கூட இல்லை. ஆனால் அதைப் படித்த எவரும் வேறு முடிவுக்குப் போயிருக்க முடியாது. முதல் வடிவத்தில் நான் மனதுக்குள் எதிர்வாதம் செய்த அதே கருத்தை, இரண்டாம் வடிவத்தில் நானாகவே சொல்லிக்கொண்டேன்.

இதற்கு அரிஸ்டாட்டில் ஒரு பெயர் வைத்திருக்கிறார் என்று அதற்கு முன்பே படித்திருந்தேன். என்தைமீம். வாதத்தின் ஒரு படியைப் பேசுகிறவர் சொல்லாமல் விடுவார். கேட்கிறவர் தனக்குள் இருப்பதை எடுத்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்வார். பேச்சால் நம்பவைப்பதற்கு அதுதான் உடல் என்பது அவர் கணிப்பு. தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது, நேரத்தை மிச்சம் பண்ணுவதற்கான ஒரு சுருக்கம் என்றுதான் எனக்குப் புரிந்திருந்தது. அந்த மாலையில் அந்த இரண்டு பக்கத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான், நிரப்புகிற வேலையை என்னிடம் கொடுத்ததால்தான் நான் அந்த வாதத்துக்குள் வந்தேன் என்று தெரிந்தது. முதல் வடிவத்தில் எல்லாவற்றையும் அவரே நிரப்பியிருந்தார். எனக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை, மறுப்பதைத் தவிர. ஆனால் விடுகிற இடம் எல்லாம் ஒன்றில்லை என்பதையும் அதே கட்டுரைதான் காட்டியது. மறைக்கப்பட்டது என்று எழுதியபோதும் அவர் ஓர் இடத்தைக் காலியாகத்தான் விட்டிருந்தார். அந்தக் காலி இடம் என்னைச் சந்தேகப்பட வைத்தது. இரண்டாம் வடிவத்தின் காலி இடம் என்னைப் பேச வைத்தது. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை எந்த வரையறையும் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்காது. ஒரே ஆள் ஒரே விஷயத்தைப் பதினைந்து நாள் இடைவெளியில் எழுதிய இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது தெரிகிறது. அச்சான புத்தகத்தில் கடைசி வடிவம் மட்டுமே கிடைக்கும். முதல் வடிவத்தைப் பார்க்கும் பாக்கியம் உடன் படிக்கிறவர்களுக்குத்தான்.

என் தாளில்

என் கட்டுரைக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வாரம் நான் எழுதிக்கொண்டிருந்தது தாய்மொழியில் அறிவியல் கற்பது பற்றி. நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்திருந்தேன். அவருடைய இரண்டாம் வடிவத்தைப் படித்துவிட்டு வந்து என்னுடையதை எடுத்தால், முதல் பத்தியிலேயே ‘அனைவரும் அறிந்ததே’. அந்த ஏகாரத்தைப் பாருங்கள். இனி இதில் பேச ஒன்றுமில்லை என்று கதவைச் சாத்துகிறது. இரண்டு பத்தி தள்ளி ஓர் ‘அல்லவா’. அதற்கு அடுத்த பக்கத்தில் இரண்டு ‘தானே’. தானே என்று முடிக்கிற வாக்கியம், படிக்கிறவரின் தலையை நாமே பிடித்து ஆட்டிவிடுகிற வாக்கியம். ஒப்புக்கொள்கிற ஆளுக்கு அது தேவையில்லை. ஒப்புக்கொள்ளாத ஆளுக்கு அது எரிச்சல். இவ்வளவு நாள் நான் அதை உரிமையோடு பேசுகிற தொனி என்று நினைத்திருந்தேன். எங்கெல்லாம் எனக்கு ஆதாரம் இல்லையோ அங்கெல்லாம்தான் அது வந்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தபோது கண்டுகொண்டேன். நாலு இடத்தில் நாலும் அப்படி.

அவர் கட்டுரையில் எந்த நோயாளியும் என்பதில் இடறாமல் இருந்திருந்தால் என் கட்டுரையில் இதை நான் பார்த்திருக்கவே மாட்டேன். நாம் எழுதியதை நாம் படிக்கும்போது, தாளில் இருப்பதைப் படிப்பதில்லை. மனதில் இருப்பதைத்தான் திரும்பக் கேட்கிறோம். இன்னொருவர் தாளில்தான் சொல் சொல்லாகத் தெரிகிறது. லண்ட்ஸ்ட்ராம், பேக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009-இல் இதைச் சோதித்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும் மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினர் மற்றவர் எழுத்துக்குக் கருத்துச் சொல்ல மட்டும், இன்னொரு பகுதியினர் கருத்தைப் பெற்றுத் திருத்த மட்டும் பழகினார்கள். பருவ முடிவில் சொந்த எழுத்தில் கூடுதலாகத் தேறியவர்கள் கருத்துச் சொன்னவர்கள்தான். பெற்றவர்கள் அல்ல. முதலில் கேட்கிறவருக்கு இது வியப்பாக இருக்கலாம். எனக்கு இல்லை.

இன்னும் பழைய சாட்சியும் உண்டு. முதல் நூற்றாண்டில் ரோமில் சொல்வன்மை கற்பித்த குவின்டிலியன், பிள்ளையை வீட்டில் தனியாக வைத்துக் கற்பிப்பதா, பள்ளிக்கு அனுப்புவதா என்ற கேள்வியை எடுத்துப் பேசுகிறார். பள்ளிக்கு அனுப்புங்கள் என்கிறார். காரணம் எளியது: வீட்டில் தனக்குச் சொல்லிக்கொடுப்பதை மட்டும்தான் அவன் கற்க முடியும்; பள்ளியில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் சேர்த்துக் கற்பான். ஒருவனைப் பாராட்டுவதும் இன்னொருவனைத் திருத்துவதும் தினமும் அவன் காதில் விழும். நம்முடைய நன்னூல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறது. ஆசிரியர் சொன்னதை முழுக்க வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு; உடன் பயில்கிறவர்களோடு பழகுவதில் இன்னொரு கால்; பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை. இந்தக் கால் கணக்கைப் பள்ளி நாட்களில் படித்து, புலவர்கள் அழகுக்குப் போட்ட கணக்கு என்று தாண்டிப் போனவள் நான். அந்தப் பதினாலு பேர் வகுப்புக்குப் பிறகு அதை அப்படியே நம்புகிறேன்.

கேட்டிருக்கலாமா

ஆனால் தொடங்கிய இடத்துக்கு வர வேண்டும். அந்த உம்மை நான் கேட்டிருக்க வேண்டுமா?

அவர் ஒரு வாதக் கட்டுரை எழுதினார். தன் வாழ்க்கையைத் திறந்து காட்ட வரவில்லை. மருத்துவரின் கடமை பற்றிப் பேச வந்தவரின் வாக்கியத்தில், அவர் அறியாமல் கசிந்த ஒன்றை நான் பிடித்துக் கேட்டுவிட்டேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் ஒன்று உண்டு: நான் அவரைக் கேட்கவில்லை, அவருடைய சொல்லைத்தான் கேட்டேன். ‘நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள்’ என்று எழுதியிருந்தால் அது அத்துமீறல். ‘உம் என்றால், வேறு யார்?’ என்பது படிக்கிற எவருக்கும் வரக்கூடிய கேள்வி. பதில் சொல்வதும் சொல்லாததும் அவர் கையில். அந்த வரியை ‘மருத்துவர் சொல்லவில்லை’ என்று திருத்திவிட்டு அவர் போயிருக்கலாம். இரண்டு எழுத்தை எடுத்தால் வேலை முடிந்தது. அந்த வழி அவருக்குத் திறந்துதான் இருந்தது.

இந்தச் சமாதானத்தைப் பாதி நம்புகிறேன். ஒரு குறிப்பின் எழுவாய் யார் என்பதில் எவ்வளவோ இருக்கிறது என்பதை அப்போதிலிருந்து கவனித்து வருகிறேன். நான் இங்கே நின்றேன், எனக்கு இப்படிக் கேட்டது, இந்த வரிக்குப் பிறகு என்னால் தொடர முடியவில்லை: இப்படி எழுதும்போது பேசுவது என்னைப் பற்றி. நீங்கள் இதைச் சரியாகச் சொல்லவில்லை என்று எழுதும்போது நான் நீதிபதி ஆகிவிடுகிறேன், அவர் கூண்டில் நிற்கிறார். கூண்டில் நிற்கிறவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார், எழுத்தைத் திருத்தப் பார்க்க மாட்டார். ஓரக்குறிப்பே ஒரு வாதக் கட்டுரைதான். ஒரே ஒரு வாசகர். அவரை ஏற்கவைக்க வேண்டும். அவருக்கு நம் மேல் நம்பிக்கை இருக்க வேண்டும். இடமோ அரை அங்குலம். சொல்வன்மையைப் பழக இதைவிட நேரான களம் எனக்குத் தெரியாது. மேடைப் பேச்சில் ஆயிரம் பேர் கைதட்டினாலும் யாருக்கு என்ன ஆயிற்று என்று தெரியப்போவதில்லை. ஓரக்குறிப்பு என்ன செய்தது என்பது அடுத்த வாரமே எதிரில் வந்து உட்கார்ந்துவிடும். வராமலும் போகும்.

மீதிப் பாதி நம்பாததற்குக் காரணம் அவரே சொன்னது. புது வடிவத்தை எல்லாரும் படித்து முடித்த அன்று, வெளியே படிக்கட்டில் என் பக்கத்தில் வந்து நின்றார். அன்றுதான் முதல்முறையாக என்னை நீ என்று பேசினார்.

“நீ கேக்காம இருந்திருந்தா இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.”

சரி என்பதுபோல் ஏதோ சொன்னேன்.

“எழுதாம இருந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேனான்னும் தெரியலை. தூக்கம் சரியா இல்லை இப்ப.”

அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டால் அவர் எழுதியதைத் தப்பு என்று சொன்னதாகிவிடும். நல்லதுதான் அக்கா என்றால் அவருடைய தூக்கத்தைப் பற்றிப் பேச எனக்கு யார் உரிமை கொடுத்தது? இருவரும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினோம். சொல் மட்டுமே என்று பிரித்துக் கேட்க முடிகிற இடங்கள் உண்டு. ‘எந்த நோயாளியும்’ அப்படிப்பட்டது. அதைத் திருத்தினால் வாதம் சரியாகும், யாருக்கும் வலிக்காது. அந்த இன்னொரு உம் அவருக்குள் எங்கேயோ வேர்விட்டிருந்தது. இரண்டும் ஒரே உருபு, ஒரே பென்சில், ஒரே வட்டம். கேட்கிற நேரத்தில் எது எது என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது. தெரியாது என்பதற்காகக் கேட்காமல் விட்டால் மறுபடியும் ‘நடை நன்று’ என்று எழுதுகிற இடத்துக்குத்தான் திரும்பிப் போவேன். அதுவும் முடியாது.

தன்னொடு கற்றோன்

பருவத்தின் முடிவில் பதினாலு கட்டுரைகளையும் ஒரு தொகுப்பாகக் கட்டி எல்லாரும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. ஒவ்வொரு கட்டுரைக்கும் முன்னால் சக மாணவர் ஒருவர் நாலைந்து வரி எழுத வேண்டும் என்றார் ஆசிரியர். அப்போதுதான் நன்னூலின் இன்னொரு செய்தியையும் சொன்னார். ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம், அதாவது நூலையும் ஆசிரியரையும் அறிமுகப்படுத்தும் முன்னுரைச் செய்யுள், பாட யாருக்கு உரிமை என்ற இடத்தில் நாலு பேரைச் சொல்கிறது: நூலாசிரியனின் ஆசிரியன், தன்னொடு கற்றோன், தன் மாணாக்கன், தகுந்த உரைகாரன். எவ்வளவு பெரிய நூலை எழுதியிருந்தாலும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது. ஆகவே இன்னொருவர் வேண்டும். அந்த நாலு பேரில் உடன் படித்தவருக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தொல்காப்பியத்துக்கு அப்படி அமைந்தவர் பனம்பாரனார். இருவரும் ஒரே ஆசிரியரிடம் கற்றவர்கள் என்பது உரைகாரர்கள் வழி வரும் செய்தி. நாம் கையில் வைத்திருப்பதிலேயே மிகப் பழைய இலக்கண நூலின் வாசலில், அதை எழுதியவரின் வகுப்புத் தோழர் நிற்கிறார். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்த அக்கா தன் கட்டுரைக்கு என்னை எழுதச் சொன்னார். நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். ஐந்து வரி. தானே இல்லை, அல்லவா இல்லை, எல்லாரும் என்று எங்கும் இல்லை. மூன்று தடவை சரிபார்த்தேன். முதல் வரி இப்படி: ‘மறைத்தவர்களின் பட்டியலில் தன் பெயரைத் துணிவுடன் முதலில் எழுதுகிறார் இந்தக் கட்டுரையாளர்.’ அச்சுக்குக் கொடுக்கும் முன் அவரிடம் காட்டினேன். படித்தார். என் பென்சிலையே கேட்டு வாங்கினார். ‘துணிவுடன்’ என்பதை வட்டமிட்டு, ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்: ‘அம்மா போன பிறகு எழுதியது. அப்புறம் எப்படித் துணிவு?’

அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். தொகுப்பில் அந்த வரி ‘மறைத்தவர்களின் பட்டியலில் தன் பெயரை முதலில் எழுதுகிறார் இந்தக் கட்டுரையாளர்’ என்று இருக்கிறது. அவருடைய குறிப்போடு கூடிய தாளை என் பிரதிக்குள் வைத்திருக்கிறேன்.